மூன்று மணி என்று எழுதினேன்

இந்த ஆண்டு அரசுப் பணியில் சேர்ந்து சிறிய ஊர்களுக்குப் போயிருக்கும் மருத்துவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் மருத்துவர் சங்க மலரின் ஆசிரியர் கேட்டார். சுவையான சம்பவங்களாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். என்னிடம் அப்படிச் சில உண்டு. கடித்த பாம்பைப் பையில் போட்டு எடுத்துவந்து என் மேசைமேல் அவிழ்த்துவிட்டவரைப் பற்றிய கதையைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் கடைசியில் நான்தான் கெட்டிக்காரனாக நிற்பேன். அதனால் அவற்றை இங்கே எழுதவில்லை.

உத்திரமேரூர் பக்கம் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் கடைசிப் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கே நடந்த தவறு என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல.

எங்கள் பக்கத்தில் ஓர் ஊரில் யாராவது மாரடைப்பில் இறந்துபோனால், அடுத்த மூன்று நாட்களுக்கு அந்த ஊரில் பாதிப் பேருக்கு நெஞ்சு வலிக்கும். எல்லோரும் ஈசிஜி எடுக்கச் சொல்லி வரிசையில் நிற்பார்கள். இயந்திரம் ஒன்று. அதற்கான காகிதம் எப்போது வரும் என்பது அதை அனுப்புகிறவர்களுக்கே தெரியாது. உண்மையான மாரடைப்பு ஒன்று வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை. இது நியாயமான கவலைதான். நான் கண்டுபிடித்த வழிதான் வேறு மாதிரி ஆகிவிட்டது.

காலையில் புறநோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போது மைக்கில் ஐந்து நிமிடம் பேசத் தொடங்கினேன். நெஞ்சின் நடுவில் கல்லை வைத்தது போல் ஒரே இடத்தில் நிற்கும் வலி என்றால் உடனே ஓடி வாருங்கள். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று ஓடுகிற வலி என்றால் அது வாய்வு, பயப்பட வேண்டாம். சாரம் இவ்வளவுதான். ஜனங்களுக்கு இது பிடித்துப்போனது. வாய்வு ஓடும் என்று அவர்கள் ஏற்கெனவே நம்பியதைத்தான் நான் டாக்டர் குரலில் திருப்பிச் சொன்னேன். மருந்தாளுநர் அதைப் பதிவுசெய்து பென் டிரைவில் போட்டுவைத்தார். நான் விடுப்பில் போன நாட்களிலும் என் குரல் வேலைக்கு வந்தது. ஈசிஜி வரிசை பாதியாகக் குறைந்தது. மேலிருந்து பார்வையிட வந்தவர்கள் பாராட்டினார்கள்.

இப்போது கன்னியப்பனைப் பற்றி.

சாலவாக்கம் பக்கத்து ஊர்க்காரர். அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் சாய்த்துப் போட்ட பலகைமேல் நடந்து லாரிக்கு மூட்டை ஏற்றுவார், மற்ற நாட்களில் கூலி வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எட்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு எங்களிடம் மாத்திரை வாங்குகிறவர். ஒரு புதன்கிழமை காலை மனைவி அமுதாவுடன் வந்தார். வழக்கமாக நேராக நடக்கிற மனிதர் அன்று ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார்.

“என்ன கன்னியப்பன், சீசன் நேரத்துல இங்க?”

“வலி சார். நேத்து சாய்ங்காலம் லோடு ஏத்திக்கினு இருந்தேன். நாப்பத்தியொண்ணாவது மூட்டை. பலகையில கால வச்சேன், நெஞ்சுல சுரீர்னு புடிச்சிக்கிச்சி. உள்ள கைய வுட்டுக் கிழிச்சா மாரி.”

“மூட்டையைக் கீழ போட்டுட்டியா?”

“போட்டா நம்ம ஆளுங்க ஒரு மாசத்துக்கு சிரிப்பானுங்களே. மேல வச்சிட்டுத்தான் ஒக்காந்தேன்.”

“இந்தப் பெருமைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல” என்றார் அமுதா. “ராவெல்லாம் பொரண்டுக்கினு கெடந்தாரு சார். மொதல்ல நெஞ்சுன்னாரு. அப்பறம் முதுகுல, ரெண்டு றெக்கைக்கும் நடுவுல. விடியக்காலம் இடுப்பாண்ட எறங்கிச்சி. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, ஓடிக்கினே கீது.”

“ஓடுதா?”

“ஓடுது சார். அதான் நானும் பயப்படல. நீங்கதான் டெய்லி மைக்ல சொல்றீங்களே.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றது எழுதுவதில் பொருள் இல்லை. ஒரு கூலிக்காரக் குடும்பத்துப் பெண்மணி நான் சொன்னதை மனத்தில் வாங்கி, நோயின் அடையாளத்தைச் சரியாகக் கவனித்து, வரிசையாகச் சொல்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன்.

மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். சீசனில் போடுவதில்லை என்றார் கன்னியப்பன். போட்டால் பலகைமேல் ஏறும்போது கிறுகிறுக்கிறதாம். நாற்பது கிலோ மூட்டையோடு பலகையிலிருந்து விழுவதற்கு ரத்த அழுத்தமே மேல் என்று அவர் முடிவுசெய்திருந்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

எங்கள் செவிலியர் சரோஜா அழுத்தம் பார்த்தார். “நூத்தித் தொண்ணூறு, நூத்திப் பத்து சார். ஈசிஜி எடுக்கட்டுங்களா?”

“வேண்டாம் சிஸ்டர். வாய்வு. வலியில பிபி ஏறியிருக்கு, அவ்வளவுதான்.”

வாய்வுக்கு ஓர் ஊசி, வலிக்கு ஓர் ஊசி, அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னேன். ஓமத்தண்ணி கொடுக்கலாமா என்று அமுதா கேட்டார். கொடும்மா என்றேன். ஈசிஜி எடுத்திருந்தாலும் அநேகமாகச் சரியாகத்தான் இருந்திருக்கும். இதை என் தரப்பு வாதமாகச் சில காலம் வைத்திருந்தேன். அது வாதமே அல்ல. அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் போதும், இயந்திரம் தேவையில்லை. வாய்வு எத்தனையாவது மூட்டையில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மனிதர் வலி தொடங்கிய கணத்தை எண் போட்டுச் சொல்கிறார் என்றால், அந்தக் கணத்தில் உள்ளே ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்று பொருள்.

என்ன உடைந்தது என்பதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மலரை உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள்.

மகாதமனி என்பது இதயத்திலிருந்து கிளம்பி, நெஞ்சுக்குள் ஒரு வளைவு வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய். அதன் சுவர் மூன்று அடுக்கு. சுவர் தடிமனாக இருப்பதால் அதற்கே தனியாக ரத்தம் வேண்டும். அதற்காக மயிரிழை போன்ற சிறு குழாய்கள் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. வருடக்கணக்காக அழுத்தம் கூடுதலாக இருந்தால் இவை கெட்டுப்போகும். பாரம் தூக்கி மூச்சைப் பிடிக்கும் ஒரு கணத்தில் அவற்றில் ஒன்று உடைந்து, நடு அடுக்குக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். உள்பக்கம் கிழிந்திருக்காது. வெளிப்பக்கமும் உடைந்திருக்காது. நான் குடியிருந்த வாடகை வீட்டில் சுவருக்குள் பதித்த தண்ணீர்க் குழாய் ஒருமுறை உடைந்தது. வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பூச்சு மட்டும் ஒரு முழத்துக்கு உப்பியிருந்தது. மறுநாள் பார்த்தபோது இரண்டு முழம். ஏறக்குறைய இதேதான். ரத்தம் சுவருக்குள் கீழே இறங்க இறங்க வலியும் கூடவே இறங்குகிறது. அதனால்தான் அது ஓடுகிறது.

இதற்குப் பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். அழுத்தத்தைக் குறைத்துப் படுக்கவைத்தால் பலருக்குக் கசிவு நின்று, ரத்தம் உறைந்து, வாரக்கணக்கில் மெல்ல வற்றிவிடும். சிலருக்கு உள்பக்கம் விட்டுக்கொடுத்துவிடும். அப்போது குழாயில் ஓடும் ரத்தம் முழு வேகத்தில் சுவருக்குள் புகுந்து அதை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். சிலருக்கு வெளிப்பக்கமே உடையும். யாருக்கு எது என்று ஊகிக்க உதவும் பெரிய அடையாளங்களில் ஒன்று, வலி அடங்கிவிட்டதா, இன்னும் பரவுகிறதா என்பது. எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரத்தில் எங்கெங்கே போனது என்பது. அதாவது நோயாளியும் அவர் கூட வந்தவரும் சொல்லும் விவரம். இதை நான் மாணவனாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஓடுகிற வலிகளாகவே பார்த்து, அத்தனையும் வாய்வாகவே இருந்ததால், மறந்தேபோனேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஷேர் ஆட்டோவில் மறுபடி கொண்டுவந்தார்கள். கன்னியப்பன் வியர்த்து நனைந்திருந்தார். வலி இப்போது வயிற்றில் என்றார். அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது. நான்கு கை கால்களிலும் நாடி பார்த்தேன். சமமாக இருந்தது. இதை நினைவில் வையுங்கள். சுவர் பிளந்துபோனால் நாடி மாறலாம். சுவருக்குள் வெறும் கசிவு மட்டும் என்றால் பெரும்பாலும் சமமாகவே இருந்து உங்களை ஏமாற்றும்.

சரோஜா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “சார், காத்தால இடுப்புல சொன்னாரு, இப்ப வயித்துல சொல்றாரு. வாய்வுன்னா ரெண்டு ஊசிக்கு அப்பறமும் பிபி ஏறிக்கினே போவுமா சார்?”

அந்த நிமிடத்தில் எல்லாம் நினைவுக்கு வந்தது. பாடப் புத்தகத்தின் பக்கம்கூட நினைவுக்கு வந்தது. மருந்து போட்டோம், ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், நான் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

கடிதம் ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி: பிற்பகல் மூன்று மணிக்குக் கொண்டுவரப்பட்டார். ஒரு மணி நேரமாகக் கடுமையான முதுகு, வயிற்று வலி. மகாதமனி நோயாக இருக்கலாம், தயவுசெய்து பார்க்கவும்.

முதல் வாக்கியம் கெட்டிக்காரத்தனம். மூன்றாவது உண்மை. நடுவில் இருப்பது பொய்.

பயத்தில் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். பயம் வந்திருந்தால் கை நடுங்கியிருக்கும். கையெழுத்து நன்றாகவே இருந்தது. ஓய்வுபெற ஒன்பது மாதம் இருந்தது. பெரிய மருத்துவமனையில் என்னிடம் பயிற்சிக்கு வந்து போன பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். காலையில் வாய்வு என்று திருப்பி அனுப்பியவன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அமுதாவின் கையில் காலையில் நான் எழுதிக்கொடுத்த ஓபி சீட்டு இருந்தது. “அதைக் குடும்மா” என்றேன். கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சரோஜா பார்த்துக்கொண்டிருந்தார். “சார், ரிஜிஸ்டர்ல காலைலியே பேரு கீது” என்றார்.

“இருக்கட்டும் சிஸ்டர்.”

“இருக்கட்டும்னா சரி சார்.”

அதற்கு முன்பெல்லாம் நான்கு மணிக்கு என் அறையில்தான் எல்லோருக்கும் டீ. அன்று முதல் சரோஜா டீக்கு வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

மாலை ஆறரைக்குப் பெரிய மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர், என்னிடம் பயிற்சி பெற்றவர்தான்.

“சார், செம பிக்கப் சார்! எங்க ஆளுங்களே இதை யோசிச்சிருக்க மாட்டாங்க.”

“ஸ்கேன்ல என்னம்மா?”

“கிழிசல் இல்ல சார். சுவருக்குள்ள மட்டும் பிறை மாதிரி ரத்தம். தோள் பக்கத்துக் கிளைக்குக் கீழ இருந்து இறங்குது. ஒரு மணி நேரத்துலயே கண்டுபிடிச்சு அனுப்பிட்டீங்க, ரொம்ப ஆரம்பம். டிரிப்ஸ்ல போற மருந்துல பிபி இறங்குது. ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு மறுபடி ஸ்கேன் பண்றோம் சார். இதுக்கு மேல வலி பரவினா உடனே சென்னைக்கு அனுப்பிடுவோம், ஸ்டென்ட் வைக்கணும்.”

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு மட்டும் சார். அவர் மனைவி நேத்து சாயங்காலத்துல இருந்து வலின்னு சொல்றாங்க. காலைலயே உங்ககிட்ட வந்தோம்ங்கறாங்க. லெட்டர்ல அப்படி இல்லையே? அவரையே கேக்கலாம்னா வலிக்குப் போட்ட மருந்துல தூங்கறார்.”

கதவை முழுவதும் திறந்து, உள்ளே வாருங்கள் என்று எனக்கு வழிவிட்டு நிற்பது போல அந்தக் கேள்வி இருந்தது. நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஏற்கெனவே ஒரு நாளாகப் பரவிக்கொண்டிருக்கிறது, நெஞ்சிலிருந்து வயிறு வரை வந்துவிட்டது, ரெண்டு நாள் பார்க்க நேரமில்லை, இன்றே அனுப்புங்கள்.

“கிராமத்து ஜனங்கம்மா” என்றேன். “நேரம் சரியா சொல்ல மாட்டாங்க.”

“அதான் நானும் நெனச்சேன் சார். தேங்க்யூ சார்.”

அமுதா கூலிக்காரர், அவர் சொன்னது தமிழில். நான் டாக்டர், எழுதியது ஆங்கிலத்தில். ஆகவே அமுதா குழம்பியவர் ஆனார். அந்த இளம் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர் ஒருவர் எழுதியதை நம்பினார். நீங்களும் நம்புவீர்கள். நம்பத்தான் கடிதம் எழுதுகிறோம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கன்னியப்பன் பல் தேய்க்க எழுந்து உட்கார்ந்தார். முதுகில் மறுபடி சுரீர் என்றிருக்கிறது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

துக்கத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அமுதா என் அறைக்கு வந்தார். கூடவே கன்னியப்பனின் தம்பி பலராமன். சென்னையில் கொத்தனார் வேலை பார்க்கிறவர், அண்ணன் இறந்த பிறகுதான் ஊருக்கு வந்திருந்தார். பெரிய மருத்துவமனைக் காகிதத்தில் மூன்று மணி என்று இருப்பதை அங்கே யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். முந்தின நாள் மாலை வலி வந்தவரை மறுநாள் மூன்று மணிவரை ஏன் வீட்டில் வைத்திருந்தாய் என்று அவர் அமுதாவைக் கேட்டிருக்கிறார். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் ஜெயந்தியும் அதையே கேட்டு, அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறாள்.

“காலைல டவுன் பஸ்ஸு ஏறி இங்கதான் வந்தோம்ங்கறேன், நம்ப மாட்டேங்கறாரு சார்” என்றார் அமுதா. “பஸ்ஸு ஏறினத பாத்தவங்க கீறாங்க.”

“பஸ்ஸு ஏறினா ஆஸ்பத்திரிக்குத்தானா?” என்றார் பலராமன். “சுளுக்கு எடுக்கறவங்கிட்ட இட்டுக்கினு போயிருப்ப. அவன் முதுகுல ஏறி மிதிச்சிருப்பான். அதுக்கு அப்பறம்தான் இவராண்ட வந்திருப்ப.”

“சார், நீங்களே சொல்லுங்க. நாங்க காலைல வந்தமா, இல்லியா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஊசி அறையின் கதவருகே சரோஜா நின்றிருந்தார். காலைப் பதிவேடு பக்கத்து அறை அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்துவர அரை நிமிடம் ஆகியிருக்கும்.

“காலையில நிறைய பேர் வந்தாங்கம்மா” என்றேன்.

பலராமன் அமுதாவைப் பார்த்து, “கேட்டுக்கினியா?” என்றார். அமுதா என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். முப்பத்தைந்து வருடப் பணியில் நான் ஒருவருக்குச் செய்த பெரிய கெடுதல் எது என்று கேட்டால், அது கன்னியப்பனுக்குச் செய்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். அவருக்குச் செய்தது அறியாமையில் தொடங்கியது. அமுதாவுக்கு இதைத் தெரிந்தே செய்தேன்.

கன்னியப்பன் இறந்த வாரமே மைக் பதிவை நிறுத்தச் சொல்லியிருந்தேன். ஏன் என்று மருந்தாளுநர் கேட்டார். தேவையில்லை என்றேன். காரணம் சொல்லவில்லை.

ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் கழித்து, என் சர்க்கரை மாத்திரைக்காக அதே மருத்துவமனை வரிசையில் போய் நின்றேன். மேலே ஒலிபெருக்கியில் என் குரல். ஓடுகிற வலி என்றால் அது வாய்வு, பயப்பட வேண்டாம். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் பக்கத்தில் இருந்தவரிடம், “கேட்டியா, அதான் ஒனக்கும்” என்றார். மருந்தாளுநரிடம் போனேன்.

“இதை நிறுத்தச் சொன்னேனே?”

“நீங்க போனதுக்கு அப்பறம் கூட்டம் ஜாஸ்தியாயிடிச்சி சார். புது டாக்டர் பேஜாரா கீதுன்னாரு. அதான் எடுத்துப் போட்டேன். நல்லாத்தான சார் கீது, உங்க வாய்ஸ்?”

அவர்மேல் தவறில்லை. தவறானது என்று தெரியாத ஒன்றைத்தான் திரும்ப எடுத்துப் போட்டிருக்கிறார். அது தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். அன்று வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் அவரிடம் காரணத்தைச் சொன்னேன். பிறகு புது டாக்டரிடம் சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் கவனமாகக் கேட்டார்கள். தன் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார். பென் டிரைவை வாங்கிக்கொண்டு, சாலவாக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

அமுதா வீட்டில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி போட்டார். நடந்ததைச் சொன்னேன். காலையில் வந்தீர்கள், வாய்வு என்று அனுப்பினேன், சீட்டை வாங்கிப் பையில் வைத்தேன், மூன்று மணி என்று எழுதினேன், போனில் கேட்டபோதும் உங்களைத்தான் குழப்பக்காரர் ஆக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். முடித்ததும் சொன்னார்.

“நாங்க காலைல வந்தது எனக்குத் தெரியாதா சார்? என்னாண்ட சொல்லி இன்னா ஆவும்? அங்க வந்து சொல்லுங்க.”

எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் போனேன். பலராமன் வீடு இரண்டு தெரு தள்ளி. அண்ணன் போன பிறகு அவர் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே கட்டட வேலை பார்க்கிறார். வாசலில் சிமென்ட் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்து எழுந்தார். அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன்.

அவர் சல்லடையைக் கையில் எடுத்தார். பிறகு, “அன்னிக்கி நான் ஒன் மூஞ்சப் பாத்துத்தான்யா கேட்டேன்” என்றார். “ரெண்டு வருசமா இவங்க வூட்டுப் பக்கம் தலவச்சிப் படுக்கல நான். ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்புடல.” சல்லடையை வீசி எறிந்தார். என்மேல் படவில்லை. என்மேல் எறியவும் இல்லை. “ஏன்யா, நீ படிச்சவன்தானே?”

“ஆமாம்” என்றேன்.

அமுதாவுக்குக் கேட்க ஒன்று இருந்தது. “மூணு மணின்னு எழுதாம, நான் சொன்னதையே எழுதியிருந்தா, அவரு பொழச்சிருப்பாரா சார்?”

இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒரு பழக்கமான பதில் உண்டு. விதி, வியாதியின் தன்மை, எங்கே போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். அதைச் சொன்னால் கேட்பவர் ஆறுதலாகப் போவார், சொல்கிறவரும் ஆறுதலாகப் போவார். நீங்கள் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றும், தெரிந்ததைத் தெரியும் என்றும் சொல்லுங்கள்.

“அன்னைக்கு ராத்திரியே மெட்ராஸ் அனுப்பியிருப்பாங்க” என்றேன். “அங்க பொழச்சவங்க நிறைய பேர் உண்டு. இவர் பொழச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. அதுக்கு இருந்த வழியை நான்தான் அடைச்சேன்.”

அமுதா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். கொழுந்தனைப் பார்த்து, “வண்டி எடு” என்றார். “வாலாஜாபாத் போயி ஜெயந்திய இட்டுக்கினு வா. இன்னா ஏதுன்னு வழியில நீ ஒண்ணும் சொல்லாத.”

பலராமன் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் எழுந்தேன்.

“நீங்க எங்க போறீங்க?” என்றார் அமுதா. “ஒக்காருங்க. அவ வந்ததும் இன்னொருவாட்டி சொல்லணும்.”

உட்கார்ந்தேன். பலராமனின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வந்த பஸ் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. அமுதா எதிரே சுவரோரமாக உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வண்டி வந்து நின்றது. ஜெயந்தி இறங்கி, அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து, இது யார் என்பது போலச் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்து நின்றேன். “உங்க அப்பாவை உங்க அம்மா காலையில பத்தரை மணிக்கே என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க” என்று ஆரம்பித்தேன்.

“பத்தேகால்” என்றார் அமுதா.

“பத்தேகால்” என்றேன்.